பூ விரித்த வீதி

வேங்கைக்கோட்டை அரசர் சிங்கணராயர் பல்லக்கில் போகும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார். கோயில் வீதிக்குப் புதிதாகக் கல் பாவியிருந்தார்கள். அதில் தூக்கிகள் நால்வரும் தடுக்கியதில் பல்லக்கு குலுங்கிவிட்டது. நாக்கு வெட்டுப்பட்டால் அரசருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

கல் பாவியவர் அமைச்சர் திருமேனிநாதர். ஆற்றுக்கல்லின் தட்டைப் பக்கம் மேலே வரும்படி மண்ணில் பதித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அவர் கொட்டிப் பரப்பியதோடு சரி. அரசரிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

“வீதி பூ விரித்த மாதிரி இருக்கிறது, அரசே. இவர்கள் கால்தான் கோணல்” என்றார் அவையில்.

“பொழுது சாய்வதற்குள் நால்வரும் நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் அரசர்.

மூத்த தூக்கி மாடக்கண்ணு கும்பிட்டான். “பிள்ளைகுட்டியக் கூட்டிக்கிட்டு எங்க சாமி போவோம்?”

பாவம், வேறென்ன கேட்பான்.

அவைப்புலவர் குழைக்காதர் எழுந்தார். “அரசே, தங்கள் நாக்கு ஆற அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். கோயில் வீதியில் ஒரு சுற்று அங்கப்பிரதட்சிணம்.”

“நல்லது. உருண்டு வாரும்.”

“நான் இல்லை, அரசே. அமைச்சர் பேரில் நேர்ந்துகொண்டேன்.”

அமைச்சரின் முகம் வெளுத்தது. “என்னைக் கேட்காமலா?”

“யாரையும் கேட்டுக்கொண்டா நேர்ந்துகொள்கிறார்கள்? பூ விரித்த வீதிதானே, ஐயா.”

அம்மனுக்கு நேர்ந்ததை மறுக்க முடியாது. அதுவும் அரசரின் நாக்குக்காக. அமைச்சர் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு வீதியில் படுத்தார். முதல் உருளலிலேயே “அம்மா” என்றார். பக்தி என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பத்தாவது உருளலில் எழுந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“கல் எப்படி?” என்று கேட்டார் அரசர்.

“நல்ல கல்தான். எனக்குத்தான் இன்று உடம்பு சரியில்லை.”

“பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. இந்த நால்வருமே அமைச்சரைப் பல்லக்கில் வீட்டில் விடட்டும்” என்றார் குழைக்காதர்.

ஏற்றி உட்காரவைத்தார்கள். குழைக்காதர் பணிவாகக் கேட்டார். “இந்த வீதி வழியாகப் போனால் உங்கள் வீடு கூப்பிடு தூரம். வயல் வரப்பில் போனால் ஊரையே சுற்ற வேண்டும். எப்படிப் போகட்டும், ஐயா?”

அமைச்சர் வீதியைப் பார்த்தார். தூக்கிகளைப் பார்த்தார்.

“வரப்பு.”

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நாக்கைப் பிடித்துக்கொண்டார். வலி தணிந்ததும், தூக்கிகள் எங்கும் போக வேண்டாம் என்றார். குழைக்காதருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“வேண்டுதல் சுற்றில் மிச்சம் இருக்கிறதே, அரசே” என்றார் குழைக்காதர்.

“இருக்கட்டும். அமைச்சர் கல்லைத் திரும்பப் பாவி முடித்த அன்று உருளட்டும்.”

அந்த முறை ஒவ்வொரு கல்லையும் அமைச்சரே தடவிப் பார்த்துப் பதித்தார்.