குடை வியாபாரிகள் கொடுத்த மனு

சாலையெல்லாம் மர நிழல்; ஊரில் குடை விற்கவில்லை. வியாபாரிகள் கூடிப் பேசி ராஜாவிடம் போய் அவரை வானளாவப் புகழ்ந்தார்கள். "சாலை மரங்களிலிருந்து காக்கை ஜனங்கள் தலையில் எச்சமிடுகிறது மகாராஜா! குடிமக்கள் படும் துன்பத்தைக் காணச் சகிக்கவில்லை. மரங்களை வெட்டச் சொல்லுங்கள்."

புகழ்ச்சியில் குளிர்ந்த ராஜா, மரம்வெட்டி சடையனைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள் ஒரு மரம் மிஞ்சினாலும் உனக்குக் கசையடி!"

சடையன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஆயிரம் மரமாச்சே!

"சரிங்க மகாராஜா. அரண்மனை வாசல் புளியமரத்திலேயே ஆரம்பிக்கிறேன்."

வியாபாரிகளின் தலைவர் பதறினார். "டேய், அதை விடுடா! எங்கள் குதிரைகள் அங்கேதான் நிற்கின்றன. வெயிலில் வெந்துபோகும்!"

"அதுங்களுக்கும் ஆளுக்கொரு குடை வாங்கிக் கொடுங்க சாமி."

சபை கொல்லென்று சிரித்தது. சாலையில் நடக்கிற ஜனங்களுக்கும் அதே வெயில்தான் என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழிய உத்தரவை ரத்து செய்தார். சடையன் தலைவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.