கல்யாணப் பூசணியைக் கவனித்த கதை

கொட்டாவிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே யாருக்கும் மூளைக் குறைவு கிடையாது. செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சடையப்பன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. "பூசணிக்காய்ச் சாம்பார் இருக்கணும். முதல்ல பந்தி, அப்புறம்தான் தாலி. சாம்பார் இல்லேன்னா எழுந்து போயிடுவோம்" என்றார்கள். சடையப்பனும் கொல்லை முழுக்கப் பூசணி போட்டார்.

அந்த நேரம் பார்த்து, பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை விவசாயத்தைச் சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஒருத்தர் வந்து சேர்ந்தார்.

"இயற்கையோட சேர்ந்து வாழணும்ங்க. மண்ணை வெறுமையா விடாதீங்க, வைக்கோல் போட்டு மூடுங்க. எதுவும் வீண் இல்லை, எல்லாம் சுத்தி வரும். முக்கியமா, எதையும் செய்யறதுக்கு முன்னாடி பொறுமையா உட்கார்ந்து கவனிங்க. குறுக்கே போகாதீங்க!" என்று மூக்கால் பேசிவிட்டு பஸ் ஏறினார்.

வைக்கோலுக்கு எங்கே போவது? சடையப்பன் வீட்டுக் கூரையைப் பிரித்துக் கொல்லையில் பரப்பினார்கள். அன்றைக்கென்று மழை கொட்டியது. குடும்பமே தொப்பலாக நனைந்தது.

"நமக்குக் குளிர்னா என்ன மாமா, மண்ணு கதகதன்னு இருக்கு!" என்று குதித்தான் மச்சினன் மொக்கராசு.

மறுநாள் வைக்கோல் வாசம் பிடித்து மொக்கராசுவின் ஆடு வந்தது. கொஞ்சம் வைக்கோல் தின்றது. பிறகு கொடி. பிறகு பிஞ்சு.

"மாமா, விரட்டவா?"

"உட்காருடா. குறுக்கே போகாதேன்னார்ல?"

"பூசணியைத் தின்னுதே!"

"அதைத்தான் கவனிக்கணும்."

பக்கத்து வீட்டு அழகுமயில் ஓடி வந்தாள். "யோவ், கல்யாணம் நின்னுடுமய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நல்ல இடமாகப் பார்த்து அவளும் கவனிக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கொல்லை மொட்டை. சடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "போச்சேடா! என் மக முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எங்கே போச்சு? எதுவும் வீண் இல்லேன்னார்ல. எல்லாம் ஆட்டுக்குள்ளதான் பத்திரமா இருக்கு மாமா."

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் ஆட்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார், எரு வைத்தார், மிச்ச வைக்கோலால் மூடியும் வைத்தார்.

கல்யாண நாள். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வரவில்லை. சம்பந்தி விருட்டென்று எழுந்தார். பந்தியே எழுந்தது. மணப்பெண் முகம் வெளுத்தது.

சடையப்பன் ஆட்டை இழுத்து வந்து நடுப்பந்தியில் கட்டினார். "உள்ளே இருக்கு சம்பந்தி. எல்லாம் சுத்தி வரும். பொறுமையா கவனிங்க."

சம்பந்தி ஆட்டை முன்னால் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். "எந்தப் பக்கமா வரும்?"

"அதைத்தான் நாங்களும் கவனிச்சுக்கிட்டிருக்கோம்."

சம்பந்தி உட்கார்ந்தார். இலையை ஆட்டின் வாலுக்கு நேராக நகர்த்தி, சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார்.