கதவைத் திறக்காத சூளை

முட்டாள்கள் ஆட்சியில்தான் இருப்பார்கள் என்று நாற்பது வருடமாகத் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தவன் நான். எங்கள் செங்கேணித் தெருவிலேயே மூன்று பேர் பட்டறை வைத்திருந்தது என் கண்ணில் படவில்லை. கொளஞ்சி, பட்டுசாமி, சூசைராஜ்.

மறியல் செய்து, தடியடி வாங்கி, தெருவுக்கு ஒரு தண்ணீர் லாரி பெற்றிருந்தோம். நகராட்சி ஒரு நிபந்தனை போட்டது. திங்கட்கிழமை காலையில் தெருவில் இரும்புத் தொட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லாரி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். வேறு பட்டறை இல்லாததால் தொட்டி செய்யும் வேலை இந்த மூவரிடம் போனது.

வாங்கி வந்த தகடு வளைத்த இடத்திலெல்லாம் விரிசல் விட்டது. தகடு விற்ற கடையின் இன்ஜினியர் மீனலோசனி வந்து பார்த்தார்.

“இது சூடு காட்டாம, குளிர்ந்தபடியே உருளைக்கு நடுவுல நசுக்கி எடுத்த தகடு. அதான் இறுகிப்போச்சு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி இரும்பு மணிகளெல்லாம் நசுங்கி நீளமாக் கிடக்கு. சூளையில சிவக்கக் காய்ச்சுங்க. நசுங்குன மணி போய்ப் புதுசா உருண்டை மணி உருவாகும். தகடு நல்லா வளையும். ஆனா சூளைக்குள்ளேயே மெதுவா ஆறணும். கை பொறுக்குற சூட்டுக்கு வர்ற வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது.”

மூடிக்கிடந்த பீங்கான் ஆலையின் சூளையைக் கேட்டு வாங்கினார்கள். தகட்டை உள்ளே வைத்தபோது பட்டுசாமி கீழே ஓர் இரும்பு வாளியையும் வைத்தார். கொட்டுகிற பழைய மணியைப் பழைய இரும்புக்கடையில் போடலாமாம்.

தகடு சிவந்தது. நெருப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஞாயிறு வந்துவிட்டது.

“ஆறியிருக்குமா?” என்றார் கொளஞ்சி.

“தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்” என்றார் பட்டுசாமி.

“தொடணும்னா கதவைத் திறக்கணும்.”

“ஆறுனாத்தான் திறக்கலாம்.”

“ஆறுச்சான்னு தொட்டாத்தானே தெரியும்?”

சூசைராஜ் சூளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “அந்தம்மா கதவைத்தானே திறக்கக் கூடாதுன்னாங்க? சுவத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?”

பின்சுவரை இடித்தார்கள். தகடு ஆறித்தான் இருந்தது. கதவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாளி நிறையச் செங்கல் பொடி.

“யப்பா, எவ்வளவு மணி பாரு!” என்றார் பட்டுசாமி.

தகடு துணி மாதிரி வளைந்தது. திங்கள் காலை தொட்டி நின்றது, லாரியும் வந்தது. கொளஞ்சி ஓடிப்போய் லாரிக்குக் குறுக்கே படுத்துவிட்டார்.

“தண்ணி சில்லுனு இருக்கா?”

“பின்னே, கொதிக்குமா?” என்றார் டிரைவர்.

“அப்ப ஊத்தாதே. குளிர்ந்தபடியே நசுக்குனதாலதான் தகடு இறுகிப்போச்சுன்னு இன்ஜினியரம்மாவே சொன்னாங்க. குளிர் பட்டா உருண்டை மணியெல்லாம் மறுபடி நீண்டுடும். வெந்நீரா கொண்டா.”

டிரைவர் வண்டியைத் திருப்பப் பார்த்தார். முதல் வீட்டு அஞ்சலாட்சி காலிக் குடத்தோடு வந்து நின்றார்.

“டேய் கொளஞ்சி, எந்திரிக்கிறியா, இல்ல இந்தக் குடத்தால ஒன்னை நசுக்கி நீளமாக்கட்டுமா?”

“அக்கா, தொட்டி பாழாயிடும்க்கா.”

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. தண்ணீர் ஊற்றலாம், ஆனால் தொட்டிக்கு அடியில் விறகு எரிந்துகொண்டே இருக்கும்.

அன்றுமுதல் எங்கள் தெரு வெந்நீரில் குளிக்கிறது. “செங்கேணித் தெருவுக்கு மட்டும் வெந்நீர் லாரியா?” என்று பக்கத்துத் தெருக்காரர்கள் நகராட்சி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். புகாரை விசாரிக்க நகராட்சி மூன்று அதிகாரிகளை அனுப்பியிருக்கிறது. அவர்கள் இப்போது லாரிக்கு அடியில் படுத்து அடுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.