லைனுக்கு முறை வைத்த கதை

கூழாங்குப்பம் லைன் வீட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. முறை வைத்துத்தான் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

எட்டு வீடு, ஒரே வரிசை. குழாய் ஒன்று, கக்கூஸ் ஒன்று, அம்மிக்கல் ஒன்று. அதனால் அங்கே எல்லாமே முறைதான். யாருக்கு எந்த நாள் என்று பலகையில் எழுதுகிறவர் முதல் வீட்டுப் பொன்னுரங்கம். எட்டாவது வீட்டில் கோதண்டம். அவருடைய ஒரே மகள் செண்பகத்துக்கு அப்போதுதான் ஒரு வரன் கூடிவருகிற மாதிரி இருந்தது. பெண் பார்க்க என்றைக்கு வருகிறோம் என்று போனில் சொல்வதாகப் பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாகக் கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அப்பா சபாபதி.

"லைன்ல இருங்க சம்பந்தி, காலண்டரை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் கோதண்டம்.

அதே நேரம் பார்த்துக் குழாயடியில் ஐந்தாவது வீட்டு ஜெயமேரி, லைனில் வா என்று யாரையோ அதட்டினாள். கரண்டுக் கம்பத்தில் ஏறியிருந்தவர் லைன் வரவில்லை என்று கத்தினார். மூன்றாவது வீட்டு டீச்சரம்மா, இரண்டு லைன் விட்டு எழுது என்றார். போன் உயிரை விட்டது. அதில் சார்ஜ் இல்லை என்பது வேறு விஷயம்.

கோதண்டம் உட்கார்ந்து யோசித்தார். ஒரு குடத்தை நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் உடையாதா? லைன் என்கிற ஒரு சொல்லை இத்தனை பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் அது மட்டும் எத்தனை நாள் தாங்கும்? மகள் கல்யாணத்துக்குள் அது அறுந்தே போய்விட்டால்? அன்றைக்கே கூட்டம் போட்டார்.

"தப்பு நம்ம மேலதான்" என்றார் பொன்னுரங்கம். "குழாய்க்கு முறை வெச்சோம், அம்மிக்கு வெச்சோம். இந்த வாயில்லாச் சீவனுக்கு வெக்கலையே."

பலகை தயாரானது. திங்கள் கரண்டு லைன். செவ்வாய் குழாயடி லைன். புதன் பஸ் போகிற லைன். வியாழன் நோட்டில் போடுகிற லைன். வெள்ளி போன் லைன். சனிக்கு என்ன என்று விழித்தபோது ஜெயமேரிதான் மெதுவாகக் கேட்டாள், நாம் குடியிருப்பதே லைன் வீடுதானே என்று. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமையை வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஞாயிறு லீவு. ஆறு நாள் உழைத்தால் மனுஷனுக்கே அலுப்புத் தட்டும் இல்லையா?

முறை என்றால் முறை. திங்கள் தவிர மற்ற நாளில் மெயினை அணைத்துவைத்தார்கள். செவ்வாய் தவிர மற்ற நாளில் எட்டு வீட்டுக்காரரும் மொத்தமாகக் குழாய்மேல் விழுந்தார்கள், குடங்கள் நசுங்கின. புதன் அல்லாத நாளில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தால், இந்தப் பக்கம் இன்றைக்கு பஸ் வராது என்று டிரைவருக்கே எடுத்துச் சொல்லி அனுப்பினார்கள். வாரத்தில் ஆறு நாள் வீடு இல்லாததால் பாய், பீரோ, பாத்திரம் எல்லாவற்றோடும் நடுத்தெருவில் குடித்தனம் நடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சபாபதி மறுபடி கூப்பிட்டார். ஞாயிறு காலை வருகிறோம் என்றார். கோதண்டம் பேஷாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தார். மறுநாள் பாத்திரங்களை உள்ளே கொண்டுபோகும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வீடு இருக்காது என்பது உறைத்தது. பேயறைந்தவர் மாதிரி பொன்னுரங்கத்திடம் ஓடினார்.

"அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லிட்டா?"

"சொல்றதுக்குப் போன் வேணுமே. அதுக்கு வெள்ளிதான் முறை."

"அப்ப வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

"அதுக்குள்ள நாளைக்கே வந்துட்டுப் போயிடுவாங்களே."

"வந்துட்டுப் போனவங்களை, வரவேணாம்னு வெள்ளிக்கிழமை சொல்லலாமா?"

பொன்னுரங்கம் நெடுநேரம் யோசித்து, அதில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்றார். பலகையை மாற்றி எழுதக் கூடாதா என்று கெஞ்சியதற்கு, பலகை எழுதவும் மாதத்துக்கு ஒரு நாள்தான் முறை, இனி அடுத்த மாதம்தான் என்று கையை விரித்துவிட்டார்.

ஞாயிறு வந்தது, மாப்பிள்ளை வீடும் வந்தது. தெருவில் விரித்த பாயில் கேசரியும் பஜ்ஜியும் வைத்துக் கோதண்டம் கைகட்டி நின்றார். பீரோ ஓரமாகச் செண்பகம் பட்டுப்புடவையில் நின்றாள். பின்னால் வீடு பூட்டிக் கிடந்தது.

"உங்க வீடு எதுங்க?" என்றார் சபாபதி.

"சனிக்கிழமையா இருந்தா அதோ அதுதாங்க. இன்னைக்கு எங்களுக்கு வீடு இல்லீங்க."

கோதண்டம் முழு விவரத்தையும் ஒப்பித்தார். சபாபதி ஒரு பஜ்ஜியை எடுத்து நிதானமாகத் தின்று முடித்தார். வரன் போயிற்று என்று கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப கல்யாணத்துக்கப்புறம் உங்க பொண்ணு கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு வரணும்னா?"

"சனிக்கிழமை மட்டும்தாங்க முடியும். மத்த நாள்ல வர்றதுக்கு வீடு வேணுமே."

சபாபதி எழுந்து அவரை அப்படியே கட்டிக்கொண்டார். அவருடைய மூத்த மருமகள்கள் இரண்டு பேரும் நாள் கிழமை பார்க்காமல், நினைத்தபோதெல்லாம் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களாம். இப்படி ஒழுங்கான குடும்பத்தைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. செண்பகமும் முறை தவறவில்லை. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, சனிக்கிழமை காலையில் கோபித்துக்கொண்டு கிளம்புவாள். மறுநாள் வீடு இருக்காது என்பதால் சாயங்காலமே திரும்பிவிடுவாள்.

ஒரு வாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகும் சண்டைக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முறை போய்விடுமே என்று செண்பகம் தேம்பினாள். அவள் புருஷன் இளவழகனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய், அவள் சீராகக் கொண்டுவந்த ஊறுகாய் ஜாடியைக் கவனமாக எடுத்துக் கீழே போட்டு உடைத்தான். அவளுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

சனிக்கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு முறை இல்லை, பன்னிரண்டு கிலோமீட்டரும் நடைதான். கோபித்துக்கொண்டு போகிறவளுக்கு வழியில் பசிக்குமே என்று, பெட்டியையும் புளிச்சோற்றையும் தூக்கிக்கொண்டு இளவழகனும் கூடவே நடந்தான்.