ஆளைக் கண்டால் நிற்கும் வண்டி

“அக்கா, நான் கிளப்பை விட்டு நின்னுக்கிடுதேன்” என்றான் ஜெபசீலன்.

தமயந்தி கையிலிருந்த ஒயரை முறுக்கி முடித்தாள். பிறகு, காரணம் என்ன என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

பல்கலைக்கழக ரோபாட்டிக்ஸ் கிளப்புக்கு அவள்தான் கேப்டன். கடைசி வருஷம். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆனாலும் அங்கே அவள் சொன்னதுதான் வேதம்.

ஜெபசீலன் முதல் வருஷம். சாயர்புரம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்க வந்தவன். ஹாஸ்டலில் அவனோடு தங்க வேண்டியவன் வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட, இரண்டு கட்டில் போட்ட அறையில் தனியாகக் கிடந்தான். மெஸ்ஸில் சுவரோரமாக உட்கார்ந்து, செல்போனைப் பார்த்தபடியே தின்றுவிட்டு எழுந்துவிடுவான். சில நாள் காலையிலிருந்து ராத்திரி வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. பாவம், அழுதுகூடப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் போர்டில் கண்டான்: டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டி செய்கிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

போனான். போனவனை என்ன செய்தார்கள்? முழங்கால் உயர வண்டி ஒன்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அது அந்தக் கிளப்பின் வழக்கம். வருஷத்துக்கு ஒரு புது வண்டி. புதிதாக வருகிறவன் முதலில் ‘ஆள்’. வண்டியின் கேமராவுக்கு எதிரே நிற்க வேண்டும், குறுக்கே நடக்க வேண்டும், குனிய வேண்டும், குடை பிடிக்க வேண்டும். அத்தனையும் படமாகும். மனுஷன் என்றால் இதுதான், இதைக் கண்டால் நிற்க வேண்டும் என்று வண்டி அந்தப் படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும். மற்ற கிளப்பெல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கும் படங்களை இறக்கிக்கொண்டு வேலையை முடிப்பார்கள். தமயந்திக்கு அது ஆகாது. நம்ம வண்டிக்கு நாமே சொல்லிக்கொடுப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கூடச் சேர்ந்த புதுப் பிள்ளைகள், படம் எடுக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொருத்தராக நைசாகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவன் ஜெபசீலன் ஒருத்தன்தான். சாயங்காலமானால் அவனுக்குப் போக்கிடம் ஏது? கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து நின்றான்.

வண்டி சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. அவன் எந்தப் பக்கமிருந்து குறுக்கே வந்தாலும் டக்கென்று நின்றது. கிளப் ஷெட்டில் ஒரே கைதட்டல். கைதட்டல் வண்டிக்குத்தான்.

இதையெல்லாம் இப்போது கொட்டித் தீர்த்தான். புரோகிராம் எழுதலாம் என்று ஆசையாக வந்தானாம். கம்பத்தை நட்டுவைத்த மாதிரி நிறுத்திவிட்டார்களாம். நாளைக்கு அவன் வராவிட்டால் ஒருவரும் தேடப்போவதில்லையாம்.

“இங்க என்னை ஆளா மதிக்கது அந்த வண்டி ஒண்ணுதான்க்கா. வேற யாரும் ஏறெடுத்துப் பாக்கல.”

இரு, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், இருந்துவிடுவான்.

அவள் அதைச் சொல்லவில்லை. வண்டியை உடனே நிறுத்துவதற்கென்று சிவப்புப் பட்டன் வைத்த ரிமோட் ஒன்று உண்டு. அதை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கிளப்பிவிட்டு, விறுவிறுவென்று முன்னால் நடந்து, அதன் எதிரே திரும்பி நின்றாள்.

வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. ஜெபசீலன் பதறவே இல்லை. எத்தனை சாயங்காலம் அவனுக்காக நின்ற வண்டி!

நிற்கவில்லை.

அவன் பட்டனை அமுக்குவதற்குள் அவள் முழங்காலில் மோதிவிட்டது. அவள் மண்ணில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஷெட்டிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

ஜெபசீலன் ரிமோட்டும் கையுமாக அவளிடம் ஓடினான்.

“ஏன்க்கா நிக்கல? எனக்கு நிக்குமே.”

“இதுவரைக்கும் அது யாரைப் பாத்திருக்குது?”

“என்னை.”

“அப்புறம்?”

யோசித்துப் பார்த்தான்.

“என்னை மட்டுந்தான்.”

தமயந்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வலி இருந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை.

“எங்க தப்புதான். நீ கிடைச்சியேன்னு உன்னையே நிறுத்திட்டோம். நாங்களும் ஆளுக்கொரு நாள் வந்து நின்னிருக்கோணும்.”

பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வண்டியை விடு. நீ இங்க வந்து இத்தனை நாள்ல யாரைப் பாத்த?”

அவனுக்குச் சுருக்கென்றது. ஒருத்தரையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகத் திரும்பினான்.

பக்கத்தில் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். தினமும் ஷெட்டில் ஜெபசீலனுக்கு எதிரே உட்கார்ந்து அவனைப் படம் எடுக்கிறவன்தான்.

“இவனை” என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

பெயர் வரவில்லை.