பின் சீலின் இடம்

திருச்சியில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார். வெள்ளை என்பது பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த நிறம். கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை.

அதன் சொந்தக்காரர் மாத்ருபூதம், மாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. மணப்பாறை, துறையூர், பெரம்பலூர் என்று தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவர். பக்கத்து இருக்கையில் கால்சியம் டானிக் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்து வரும். அவை பேசுவதில்லை.

ஆனால் இது அவருடைய கதை அல்ல. எஞ்சினின் பின்பக்கத்தில், கிராங்க் என்கிற சுழலும் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு ரப்பர் வளையத்தின் கதை. உள்ளே இருக்கும் ஆயில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் ஆயில் சீல் என்று பெயர். முன்பக்கம் இன்னொரு சீல் இருந்ததால் இவள் பின் சீல்.

எஞ்சினில் மற்ற எல்லோருக்கும் வெளியுலகப் பழக்கம் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதுவார்கள், முகத்தைத் தேய்த்துவிடுவார்கள். ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியால் துடைப்பார்கள். பின் சீலை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, அதற்கும் பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தையும் எடுத்தால்தான் அவள் தெரிவாள். கிளட்ச் மாற்ற வந்தவர்கள் இரண்டு முறை அந்தச் சக்கரம் வரை வந்து திரும்பிப் போயிருந்தார்கள். சக்கரத்தையும் ஒருவர் எடுக்கிறார் என்றால் சீலைத் தூக்கிப்போடத்தான் எடுப்பார். அவளை முதன்முதலாகப் பார்க்கிறவரே கடைசியாகப் பார்க்கிறவராகவும் இருப்பார்.

அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை கசடு.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பழைய ஆயில் போகும், புது ஆயில் வரும். போகிற ஒவ்வொன்றும் தன்னில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகும். அவை சேர்ந்து, கருத்து, கெட்டியாகி அவள் விளிம்போரம் குடியேறியிருந்தன. வருஷத்துக்கு வருஷம் ரப்பர் காய்ந்து சுருங்கியது. சுருங்கச் சுருங்கக் கசடும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

“நாமக்கல்ல ஒரு மழை நாள், ஞாபகம் இருக்காக்கா?” என்று கசடு ஆரம்பிக்கும்.

“நான் எங்கே வெளியே பார்த்தேன்?”

“நான் மட்டும் பார்த்தேனா? நாற்பத்து மூணு ஆயில் வந்து போயிருக்கு. ஒவ்வொருத்தனும் ஒரு கதையை விட்டுட்டுப் போனான். எனக்கு வந்ததை உனக்குச் சொல்றேன்.”

“கதை சொல்லி என்னை ஒட்டிக்கிட்டே பிழைக்கிறே.”

“யாரு, நானா? நீ பாதி சீல், நான் மீதி சீல். நான் எழுந்து போனேன்னு வை, மறுநாள் நீ காயலான் கடையில கிடப்பே. வாயை மூடிக்கிட்டு மழைக் கதையைக் கேளு.”

அது வெறும் சவடால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கேட்டாள்.

இன்னொருவனும் அங்கே இருந்தான். கிராங்க். எஃகு உடம்பு. அவன் தோளைச் சுற்றித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை திரும்புவான். ஒரு தடவைகூட அவளைப் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய இடத்து ஆள், ரப்பரோடு என்ன பேச்சு என்று நினைக்கிறான்போல என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

நாற்பத்து நான்காவது ஆயில் மாற்றும் நாள் வந்தது. பாலக்கரையில் மெக்கானிக் சூசைராஜின் ஷெட். மாத்ருபூதம் ஒரு பளபளப்பான ஆயில் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“சிந்தெடிக்கா சார்?” என்று சூசை டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். “எண்பதாயிரம் ஓடுன வண்டின்னா நானே ஊத்துங்கன்னு சொல்லுவேன். இது என் பொண்ணுக்கு மூத்த வண்டி.”

“என் மச்சினன் சொன்னான் சூசை. இதை ஊத்தினா எஞ்சின் பட்டு மாதிரி ஓடுமாம்.”

“அவரு என்ன வண்டி வச்சிருக்காரு?”

“பேட்டரி கார்.”

சூசை நிமிர்ந்தார். “அதுக்கு ஆயிலே கிடையாதே சார்!”

“அதான் அவனுக்கு அடுத்தவன் ஆயிலைப் பத்தி யோசிக்க நேரம் இருக்கு.”

“உள்ள இருக்கற அழுக்கெல்லாம் கரையும், சார். சில வண்டியை அழுக்குதான் பிடிச்சு வச்சிருக்கும்.”

“அழுக்கு போனா நல்லதுதானே?”

இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடையாது. சூசை காருக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினார்.

புது ஆயில் தேன் நிறத்தில் வந்தது. சத்தமில்லாமல் நடந்தது. பின் சீலிடம் வந்து வணக்கம் சொன்னது. இத்தனை ஆயிலில் வணக்கம் சொன்ன முதல் ஆயில் அதுதான்.

“நீங்கதான் கடைசி வாசலா, அக்கா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டதில்லைங்க.”

“யாரும் கேள்விப்பட்டதில்லை தம்பி. நீ எவ்வளவு நாள் இருப்பே?”

“பத்தாயிரம் கிலோமீட்டர்.”

“அம்மாடி!” என்று கசடு சிரித்தது. “அப்போ நீ விட்டுட்டுப் போறதும் ரெண்டு மடங்கா இருக்குமே. வா, வா, பக்கத்துல வந்து உட்காரு.”

“நான் எதையும் விட்டுட்டுப் போறதில்லைங்க,” என்றது புது ஆயில். “வந்து, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க ஓரம் கரையுது.”

கசடு சிரிப்பை நிறுத்தியது.

சிந்தெடிக் ஆயில் சீலைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது தின்பதில்லை. அழுக்கைக் கரைக்கும். அழுக்குக்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த இடைவெளி அப்போது வெளியே தெரியும். தெரியவைத்தவன் தலையில் பழியைப் போடுவது எஞ்சினுக்கு வெளியேயும் உள்ள வழக்கம்தான்.

“தம்பி, அவனை விட்டுடேன்,” என்றாள் பின் சீல். “அவன் போனா நான் ஒழுகுவேன். ஒழுகினா என்னைத் தேடி வருவாங்க. நான் இங்கே இருந்தேன்னு ஒரு உயிருக்குக்கூடத் தெரியாம போகணுமா?”

“நான் வேணும்னு செய்யலைங்க அக்கா. ஒட்டியிருக்கறதைக் கரைக்கறது என் குணம். ரப்பரை இளக்கற மருந்தும் என்கிட்ட கொஞ்சம் இருக்கு, தர்றேன். ஆனா...” ஆயில் தயங்கியது. “ஒழுகறது என்னால இல்லைங்க. நீங்க எப்பவோ சுருங்கிட்டீங்க.”

இவ்வளவு மரியாதையாக யாரும் அவளைக் காயப்படுத்தியதில்லை.

கசடு ஒரே நாளில் போகவில்லை. மேலே இருந்த கதைகள் முதலில் கரைந்தன. துறையூர் போயிற்று. பெரம்பலூர் போயிற்று. அப்புறம் எந்த ஊர் என்று தெரியாத ஊர்கள் போயின. ஒரு நாள் அது மிக மெல்லிய குரலில் கேட்டது.

“அக்கா, நாமக்கல்ல மழை பெஞ்சுதா?”

“பெஞ்சுது.”

“யாரு சொன்னா?”

“நீதான் சொன்னே.”

“அப்படியா? நல்ல கதையா இருக்கே. இன்னொரு தடவை சொல்லு,” என்றது கசடு. அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபில்டரை நோக்கிப் போய்விட்டது.

அதன் பிறகு அங்கே பேச்சே இல்லை. புது ஆயில் மேலும் கீழும் வேலையாக ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது ஒரு வணக்கம், வரும்போது ஒரு வணக்கம். பின் சீல் பல வருஷத்துக்குப் பிறகு கிராங்கின் உடம்பை நேரடியாக உணர்ந்தாள். அது சூடாக இருந்தது.

“அண்ணே,” என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

அவன் திரும்பினான். திரும்பிக்கொண்டே இருந்தான்.

“ஒரு வார்த்தை பேசினா உங்க எஃகு உதிர்ந்துடுமா? இத்தனை வருஷமா தோளைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இருக்கேனா இல்லையான்னாவது தெரியுமா?”

அவள் முடிந்தவரை இறுக்கிப் பிடித்தாள். காய்ந்த ரப்பருக்கு முடிந்தது கொஞ்சம்தான். அன்று முதல் சொட்டு அவளைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் காலையில் மாத்ருபூதம் சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டைப் பார்த்தார். ஒரு டானிக் பெட்டியைப் பிரித்து விரித்து காருக்கு அடியில் தள்ளினார். வாரக் கடைசியில் அட்டையில் ஒரு தீவுக்கூட்டமே உருவாகியிருந்தது. சூசையைக் கூப்பிட்டார்.

“நான் சொன்னேன்ல சார்,” என்று சூசை டார்ச்சை அணைத்தார். “பின் சீல். ரெண்டு வழி இருக்கு. இதை வடிச்சுட்டுப் பழைய கெட்டி ஆயிலையே ஊத்திரலாம். ஒழுகறது குறையும், கொஞ்ச வருஷத்துல அழுக்கு பிடிச்சு அதுவா அடைஞ்சுக்கும். இல்லேன்னா எல்லாத்தையும் இறக்கி சீலை மாத்தணும். ஒரு நாள் முழுக்க வேலை.”

“ஒரு அட்டை போட்டுக்கிட்டு ஓட்டினா?”

“அதுவும் ஓடும். எவ்வளவு நாளைக்குன்னுதான் தெரியாது.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

மேலே நடந்த இந்தப் பேச்சைப் பின் சீல் கேட்டாள். அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கெட்டி ஆயில் வரும். அது கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகும், அடுத்தது கொஞ்சம். ஒரு புதுக் கசடு பிறந்து பேசப் பழகும். முதல் கதையை அதற்கு அவளே சொல்லுவாள், நாமக்கல் மழையிலிருந்து.

மாத்ருபூதம் யோசித்துக்கொண்டே இருந்தார். யோசனை முடிவதற்குள் ஒழுகிய ஆயில் கிளட்சுக்குப் போய்ச் சேர்ந்து அதை வழுக்கவைத்தது. ஜங்ஷன் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் ஒரு டவுன் பஸ் நெருக்கிக்கொண்டு வர, எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. மெல்லப் பின்னோக்கிச் சரிந்தது.

“யோவ்! வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று பஸ் டிரைவர் கத்தினார்.

வீட்டில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை என்பதை பஸ் டிரைவரிடம் விளக்க முடியாது. மாத்ருபூதம் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் சூசை எல்லாவற்றையும் இறக்கினார். கியர்பாக்ஸ், கிளட்ச், கடைசியில் பெரிய சக்கரம். பின் சீலின் மேல் முதன்முதலாக வெளிச்சம் விழுந்தது. அவள் கண்டது ஒரு முகம், ஒரு ஸ்க்ரூடிரைவர். சூசை விளிம்பில் முனையைக் கொடுத்து நெம்பினார். இரண்டு இடத்தில் விரிசல் விட்டு அவள் வெளியே வந்தாள். அவர் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பின்னால் இருந்த டிரம்முக்குள் எறிந்தார். உள்ளே தேய்ந்த போல்ட்டுகள் கிடந்தன. டிரம்முக்குள் எதுவும் காதில் விழாது.

சூசை மண்ணெண்ணெய்த் துணியால் கிராங்கைத் துடைத்தார். ஒரு கணம் நிறுத்தினார்.

“சார், இங்க வந்து விரலை வச்சுப் பாருங்க.”

மாத்ருபூதம் குனிந்து தொட்டார். எஃகைச் சுற்றி, முழு வட்டமாக, நகம் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம்.

“என்ன இது, வெட்டுப்பட்டிருக்கா?”

“சீல் போட்ட கோடு சார்.”

“ரப்பர் எஃகைத் தேய்க்குமா?”

“ஒரே இடத்துல இத்தனை வருஷம் பிடிச்சுக்கிட்டு இருந்தா தேயும். புதுசை இதே கோட்டுல உட்கார வச்சா நிக்காது, முதல் நாளே ஒழுகும். ஒரு நூல் அளவு உள்ள தள்ளித்தான் அடிக்கணும்.”

“இத்தனை வருஷத்துல ஒரு சத்தம்கூட வரலியே சூசை.”

“சீல் எங்க சார் சத்தம் போடும்? அதுக்குத் தெரிஞ்சது ஒழுகறது ஒண்ணுதான்.”

மாத்ருபூதம் விரலை எடுக்கவில்லை. “அந்தப் பழசு எங்கே?”

“டிரம்ல போட்டுட்டேன். எதுக்கு சார்?”

“ஒண்ணுமில்லை.”

புதுச் சீல் காப்பித்தூள் நிறத்தில், மெத்தென்று, யாரையும் மதிக்காத வயதில் இருந்தது. சூசை அதைத் தள்ளியே அடித்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் ஏற்றி எஞ்சினைக் கிளப்பினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

உள்ளே புதுச் சீல் இப்படியும் அப்படியும் நெளிந்து இடம் பார்த்தது.

“எனக்கு முன்னாடி இங்கே யாரோ இருந்தாங்களா?”

புது ஆயில் வணக்கம் சொல்ல மறந்து நின்றது.

“பக்கத்துலயே அழகா ஒரு பள்ளம் இருக்கு,” என்றது புதுச் சீல். “எனக்குன்னே செஞ்ச மாதிரி. கொஞ்சம் நகர்ந்து அதுல உட்கார்ந்துக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றது ஒரு குரல். அப்படி ஒரு குரல் அந்த எஞ்சினில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

கிராங்க் சுற்றிக்கொண்டே சொன்னான்:

“அங்கே ஆள் இருக்கு.”