தூக்கணாங்குருவி வாசலைக் கீழே திருப்பிய கதை

அந்தக் காலத்தில், புழு பூச்சிகூட வாய் திறந்து பேசிய நாளில், காட்டில் சேதி கேட்க வேண்டுமென்றால் ஆலமரத்து மைனாவிடம்தான் போக வேண்டும். கேட்டதை ஒன்று சொல்லிவிட்டுக் கேட்காததைப் பத்து திணிக்கும் மைனா அது. நாச்சி என்ற தூக்கணாங்குருவிக்கு அது அறவே பிடிக்கவில்லை. கிணற்றுமேட்டு ஈச்சமரத்தில் தானே நார் கிழித்து ஒரு கூடு பின்னிக்கொண்டாள். அப்போது அவள் கூடு கிண்ணம்போல மேலே திறந்திருக்கும். தினை விளைந்த சேதிக்கு அணில், பாம்புச் சேதிக்கு எறும்பு என்று ஆளையும் அவளே பேசி வைத்தாள்.

மூன்று முட்டை இட்டு அடைகாத்த சமயம். அணில் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டமும் வந்தது. ஒன்று "இதைப் பாரேன்!" என்று சிறகை விரித்து மூடும், அது நகர்வதற்குள் அடுத்தது விரிக்கும். நாச்சியும் கூட்டு விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள், பார்த்தாள், பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பினால் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. பதறிப்போய் மேலே படுத்தாள்.

மறுநாளும் அணில் அதே கூட்டத்தோடு வந்து நின்றது. நாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருடா இதுகளைக் கூப்பிட்டது?"

"என் சேதியோட சேர்ந்து வர்றதுதான்க்கா. எல்லாம் சின்னச் சின்னதுதானே, பாத்துட்டுப் போயேன்."

"என் கூட்டுல நான் எதைப் பாக்கணும்னு சொல்ல நீ யாருடா? தினை எங்கேன்னு கேட்டா அதை மட்டும் சொல்லு!"

அணில் திருந்துவதாக இல்லை. நாச்சி ஒரு கும்பிடுபூச்சியைக் காவலுக்கு வைத்தாள். 'சின்னச் சின்னதுதானே' என்று அணில் சொன்ன வார்த்தையே காதில் குடைந்துகொண்டிருந்தது. அந்தக் கோபத்தில், "சின்னதா எது வந்தாலும் உள்ளே விடாதே!" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் எறும்பு மூச்சிரைக்க ஓடி வந்தது.

"சாரைப்பாம்பு மரமேறுது! அக்காகிட்ட சொல்லணும்!"

"நீ சின்னவன். விட முடியாது."

"சேதி பெரிசுய்யா!"

"சேதியை அளக்கச் சொல்லலை. ஆளைத்தான் பாக்கச் சொன்னாங்க."

எறும்பு வெளியே நின்று கத்திய கத்தலில் நாச்சி நிமிர்ந்தபோது பாம்பின் தலை கூட்டுக்குள் இருந்தது. அதன் கண்ணிலேயே கொத்தினாள். பாம்பு கிணற்றில் விழுந்தது. ஆனால் ஒரு முட்டை போனது போனதுதான்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?" என்று கும்பிடுபூச்சி கைகூப்பியது. நாச்சிக்கு அணில்மீது வந்த ஆத்திரத்தைவிட, யோசிக்காமல் உத்தரவு போட்ட தன் வாய்மீது வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

எறும்பும் சின்னது, பட்டாம்பூச்சியும் சின்னது. ஆனால் எறும்பு இவ்வளவு தூரம் நடந்து வந்து சேதி சொல்கிறது. பட்டாம்பூச்சி வாசலில் சிறகை விரித்துக் காட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது. நாச்சிக்கு வழி பிடிபட்டது. அன்றே மேல்வாயை அடைத்தாள். கீழ்ப்பக்கம் ஒடுக்கமாக, நீளமாக ஒரு குழல் பின்னித் தொங்கவிட்டாள்.

பட்டாம்பூச்சிகள் வந்து, விரித்த சிறகோடு நுழைய முடியாமல் குழலில் முட்டி முட்டித் திரும்பின.

"இதுக எப்படிக்கா உள்ளே வரும்?" என்று அணில் சிணுங்கியது.

"வரக் கூடாதுன்னுதாண்டா இவ்வளவு பாடு!"

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி தன் கூட்டு வாசலைக் கீழ்நோக்கி, நீளக் குழலாகப் பின்னுகிறது. பறந்து காட்டுபவன் வெளியிலேயே நிற்கிறான். சேதி உள்ளவன் ஊர்ந்தாவது உள்ளே வந்துவிடுகிறான்.